காமாவா, நியூட்ரானா? பதில் சொல்லத் தெரிந்தவருக்கே வேலை

மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் பி.எஸ்சி. இயற்பியலோ இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோவோ முடித்துவிட்டு, 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்ற ஒரே கேள்வியில் முட்டி நிற்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை. கதிரியக்கம் என்றதும் கல்பாக்கம் மட்டும் ஞாபகத்துக்கு வந்தால் உங்கள் மேப் சின்னது. காட்டுப்பள்ளியில் துறைமுகமும் எல் அண்ட் டி ஃபேப்ரிகேஷன் யார்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. கொஞ்சம் தெற்கே காமராஜர் துறைமுகம், அனல் மின் நிலையங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை. இந்த மாதிரி இடங்களில் கதிரியக்கம் அன்றாட வேலைக் கருவி. வெல்டிங்கைப் படம் பிடிக்க இரிடியம்-192, தொட்டியில் மட்டம் பார்க்க சீசியம்-137, துறைமுக கேட்டில் லாரியைச் சோதிக்க போர்ட்டல் மானிட்டர்.

இந்த வேலைகளில் மீட்டரைப் பிடித்து ரீடிங் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த ரீடிங் எதனால் வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு. 'இது காமா மட்டும்தான், நியூட்ரான் இல்லை. இதோ காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடக்கூடியவர்கள் இன்னும் குறைவு. அந்த மூன்றாவது வரிசையில் போய் நில்லுங்கள்.

1. இரண்டும் மோதும் இடம் வேறு

பாடப் புத்தகம் முழுவதையும் ஒப்பிக்க வேண்டாம். காமா எலக்ட்ரானோடு மோதும்; நியூட்ரான் அணுக்கருவோடு மோதும். இரண்டுக்கும் மின்னூட்டம் இல்லை என்பதால் எந்த டிடெக்டரும் இவற்றை நேராகப் பார்ப்பதில்லை. இவை தட்டிவிட்ட துகளைத்தான் பார்க்கிறது. காமா ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடும். வேக நியூட்ரான் ஒரு புரோட்டானைத் தட்டிவிடும். மெதுவான நியூட்ரானை ஓர் அணுக்கரு விழுங்கி, உடைந்து, கனமான துண்டுகளை உமிழும். பிரித்தறியும் டெக்னிக்குகள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கின்றன. இன்டர்வியூவில் எந்தக் கேள்வி வந்தாலும் பதிலை இங்கிருந்து ஆரம்பியுங்கள். 'அடிப்படை தெரிந்த பையன்' என்ற பெயர் அந்த நிமிடமே கிடைத்துவிடும்.

வேகத்தை வைத்தும் பிரிக்கலாம். ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க காமாவுக்கு 3.3 நானோ செகண்ட் போதும், 1 எம்.இ.வி. நியூட்ரானுக்கு சுமார் 72 ஆகும். லேபில் இது அருமையான முறை. துறைமுக கேட்டில் நியூட்ரான் எப்போது கிளம்பியது என்று யாரும் சொல்லப்போவதில்லை. தெரிந்து வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

2. கேட்டில் அலாரம் அடித்தால் முதல் ஐந்து நிமிடம் உங்களுடையது

போர்ட்டல் மானிட்டர் என்பது லாரி பாதையின் இரு பக்கமும் நிற்கும் தூண்கள். உள்ளே இரண்டு வகை டிடெக்டர். பெரிய பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகைகள் காமாவுக்கு. பாலிஎத்திலீன் பெட்டிக்குள் இருக்கும் வாயுக் குழாய்கள் நியூட்ரானுக்கு. ட்ரெய்லர் மணிக்கு 8 கி.மீ. போல ஊர்ந்து போகவேண்டும். டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்தினால் எண்ணிக்கை சேர நேரம் போதாது. 'அண்ணே, மெதுவா, ஒரே வேகத்துல வாங்க' என்று முகம் சுளிக்காமல் சொல்லத் தெரிவதும் இந்த வேலையில் ஒரு ஸ்கில்தான்.

காமா அலாரத்தில் பெரும்பாலானவை வம்பில்லாதவை. பொட்டாஷ் உரம், டைல்ஸ், கிரானைட், சிர்கான் மணல் எல்லாவற்றிலும் இயற்கைக் கதிரியக்கம் உண்டு. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதும் அதில் தோரியம் இருப்பதும் நமக்குப் புதிய செய்தியா என்ன? முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் தைராய்டுக்கு அயோடின்-131 எடுத்துக்கொண்ட டிரைவரே அலாரத்தை அடிக்க வைத்துவிடுவார். ஒரு நாளைக்கு 2,000 கன்டெய்னர் என்று வையுங்கள். நூற்றுக்கு ஒன்று அடித்தாலும் 20 அலாரம். 20 லாரியையும் ஓரங்கட்டினால் வரிசை எண்ணூர் வரை போகும். உங்கள் மேனேஜரின் பொறுமை அதற்கு முன்பே போய்விடும்.

அதனால் கையடக்க ஸ்பெக்ட்ரோமீட்டரை எடுத்து எந்த ஐசோடோப்பு என்று பாருங்கள். சில எண்கள் மனப்பாடமாக இருக்கட்டும். பொட்டாசியம்-40 என்றால் 1461 கே.இ.வி. தோரியம் வரிசை என்றால் 2614. சீசியம்-137 என்றால் 662. கோபால்ட்-60 என்றால் 1173, 1332 என்று இரட்டைப் பீக். உர லாரியில் 1461 தெரிந்தால் பில்லையும் சரக்கையும் ஒப்பிட்டுவிட்டு வழக்கமான நடைமுறைப்படி அனுப்பலாம். பழைய இரும்பு லாரியில் 1173, 1332 தெரிந்தால் ஷிஃப்ட் இன்சார்ஜை எழுப்புங்கள்.

காமா என்றாலே சாதாரணம் என்ற மெத்தனத்துக்கு விலை உண்டு. 2010-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பயன்படுத்தாமல் வைத்திருந்த காமா இர்ரேடியேட்டர் ஏலத்தில் போய், மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் உடைக்கப்பட்டது. உள்ளே கோபால்ட்-60. ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். 2008-இல் பிரான்ஸில் லிஃப்ட் பட்டன்களில் கோபால்ட்-60 கண்டுபிடிக்கப்பட்டது. அந்த உலோகம் போனது இந்தியாவிலிருந்து. ஏற்றுமதி கேட்டில் நிற்கிறவர்கள் இரண்டாவது சம்பவத்தை இன்னும் நன்றாக ஞாபகம் வைக்கவேண்டும். சரக்கு திரும்பி வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'அன்றைக்கு ட்யூட்டியில் யார்?' என்பதுதான்.

நியூட்ரான் அலாரம் வேறு ஜாதி. உரம், டைல்ஸ், வாழைப்பழம் எதிலிருந்தும் நியூட்ரான் குறிப்பிடும்படி வராது. வருகிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: எண்ணெய்க் கிணறு லாகிங்குக்கும் ஈரப்பத கேஜுக்கும் போகும் அமெரிசியம்-பெரிலியம், கலிஃபோர்னியம்-252, அணு எரிபொருள் சார்ந்த பொருட்கள், புளூட்டோனியம். முதல் இரண்டுக்கும் முறையான காகிதம் இருக்கும். காகிதம் இல்லாத நியூட்ரான் வந்தால் கன்டெய்னரைத் திறக்காதீர்கள், திறக்கவும் விடாதீர்கள். ஆட்களைத் தள்ளி நிறுத்தி, எஸ்.ஓ.பி.யில் இருக்கும் வரிசைப்படி கஸ்டம்ஸ், அணுசக்தித் துறையின் அவசர மையம் என்று தகவல் போகட்டும். அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு இந்த வகை வேலைக்கான பயிற்சியும் கருவியும் உண்டு. ஹீரோவாகப் போய் எட்டிப் பார்க்கிறவருக்கு புரமோஷன் வராது, டோஸ்தான் வரும்.

3. பொய் நியூட்ரானைப் பிடிக்கிறவர் தனியாகத் தெரிவார்

நியூட்ரான் அலாரம் அபூர்வம் என்பதாலேயே பொய் அலாரத்துக்கு விலை அதிகம். ஒரு தடவை துறைமுகத்தையே நிறுத்திவிட்டு 'சாரி, காமாதான்' என்று சொன்னால், அடுத்த தடவை நீங்கள் உண்மையைச் சொன்னாலும் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். பொய் எங்கிருந்து வரும் என்ற லிஸ்ட் உங்கள் கையில் இருக்கட்டும்.

முதல் சந்தேகம், காமா வெள்ளம். பலமான காமா சோர்ஸ் பக்கத்தில் இருந்தால் சின்னச் சின்ன காமா பல்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நியூட்ரான் பல்ஸ் உயரத்தைத் தொட்டுவிடும். பைல்-அப் என்பார்கள். நல்ல மானிட்டருக்கான அளவுகோல் இதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது: காமாவை நியூட்ரானாக எண்ணுவது பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே இருக்கவேண்டும், மணிக்கு 10 மில்லி ராண்ட்ஜன் காமாவில் நின்றாலும் நியூட்ரான் எண்ணிக்கை 10 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. வெண்டர் டெமோ காட்ட வந்தால் இந்த இரண்டு எண்களையும் கேளுங்கள். டெமோ கொடுக்கிறவர் அதற்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

இரண்டாவது, இரும்பு. வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பெரிய இரும்புக் குவியலில் மோதினால் நியூட்ரான்கள் தெறிக்கும். கப்பல் விளைவு என்று பெயர். ஸ்டீல் காயிலோ கனரக மெஷினரியோ ஏற்றிய ட்ரெய்லர் போனால் நியூட்ரான் எண்ணிக்கை லேசாக உயரலாம். காமா பக்கம் நேர்மாறு. நிறைந்த லாரி தரையிலிருந்து வரும் பின்னணிக் கதிர்வீச்சை மறைத்துவிடும் என்பதால் காமா எண்ணிக்கை இறங்கும். ஒரே லாரியில் காமா இறங்கி நியூட்ரான் கொஞ்சம் ஏறினால், பதறுவதற்கு முன் சரக்குப் பட்டியலைப் பாருங்கள்.

மூன்றாவது, அக்கம்பக்கம். எக்ஸ்-ரே கன்டெய்னர் ஸ்கேனர் இயங்கிய நேரமா? யார்டில் ரேடியோகிராஃபி ஷாட் போன நேரமா? அலாரம் நேரத்தையும் அந்த லாக்-புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி புதிர் விடுபடும். இதைச் செய்ய டிகிரி தேவையில்லை, சோம்பல் இல்லாமல் இருந்தால் போதும்.

4. ஹீலியம்-3 குழாயை வரைந்து காட்டப் பழகுங்கள்

பேப்பரையும் பேனாவையும் நீட்டி 'ஹீலியம்-3 ஸ்பெக்ட்ரத்தை வரை' என்பது இந்தத் துறையில் நம்பிக் கேட்கக்கூடிய கேள்வி. மெதுவான நியூட்ரானை ஹீலியம்-3 விழுங்கி, ஒரு புரோட்டானையும் ஒரு ட்ரைட்டானையும் வெளியே தள்ளும். இரண்டும் சேர்ந்து 764 கே.இ.வி. அந்த இடத்தில் பீக் வரையுங்கள். ஒரு துகள் குழாயின் சுவரில் மோதி ஆற்றலைத் தொலைத்தால் பதிவாகும் ஆற்றல் கீழே சரியும். அந்தச் சரிவில் 191-இலும் 573-இலும் படிகள் வரும். இந்தப் படிகளை வரையாமல் பீக்கை மட்டும் வரைகிறவர்கள்தான் அதிகம். காமா எங்கே? இடது மூலையில், அடிமட்டத்தில். காமா தட்டிவிட்ட எலக்ட்ரான் மெல்லிய வாயுவுக்குள் கொஞ்சம் ஆற்றலை மட்டும் விட்டுவிட்டுச் சுவரில் போய் முட்டிவிடும். அந்த மூலைக்கும் 191-க்கும் இடையில் ஒரு கோடு கிழித்தால் அதுதான் த்ரெஷோல்டு. பிரித்தறிதல் முடிந்தது.

அடுத்து, 'பாலிஎத்திலீன் பெட்டி எதற்கு?' என்பார்கள். வேக நியூட்ரானை ஹீலியம்-3 ஏறக்குறைய கண்டுகொள்ளாது. ஹைட்ரஜன் நிறைந்த பொருளில் மோதி மோதி வேகம் தணிந்தால்தான் விழுங்கும். வெப்ப நியூட்ரானுக்கு ஹீலியம்-3-இன் குறுக்குவெட்டு 5,330 பார்ன், போரான்-10-க்கு 3,840, லித்தியம்-6-க்கு 940.

ஹீலியம்-3 அணு ஆயுதத்துக்குச் செய்த ட்ரிட்டியம் சிதைவதிலிருந்து கிடைப்பது. 2001-க்குப் பிறகு அமெரிக்கா எல்லைகளிலும் துறைமுகங்களிலும் போர்ட்டல்களை நட்டதில் கையிருப்பு வேகமாகக் கரைந்து, பற்றாக்குறை வந்தது. அந்த அலையில்தான் கொழும்புத் துறைமுகத்துக்கும் அமெரிக்காவின் மெகாபோர்ட்ஸ் திட்டத்தில் மானிட்டர்கள் வந்தன. பற்றாக்குறையின் பலன் உங்களுக்கு: போரான் பூசிய குழாய், போரான் ட்ரைஃபுளோரைடு, லித்தியம்-6 கண்ணாடி, சி.எல்.ஒய்.சி. படிகம் என்று மாற்றுகள் வரிசையாக வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் காமாவை வேறு வேறு மாதிரி தள்ளுகிறது. பழைய கருவியை மட்டும் தெரிந்த சீனியருக்கும் உங்களுக்கும் இந்த இடத்தில் வயசு வித்தியாசம் கிடையாது. உள்ளே புகுந்துவிடுங்கள்.

5. பல்ஸ் வடிவம்: இதுதான் உங்கள் ரெஸ்யூமேயின் முதல் வரி

ஹீலியம்-3 குழாய் வேக நியூட்ரானின் ஆற்றலைச் சொல்லாது. பாலிஎத்திலீனுக்குள் அலைந்து வருவதில் நேரமும் தொலைந்துவிடும். நேரமும் ஆற்றலும் வேண்டும் என்றால் ஸ்டில்பீன் படிகம், திரவ சிண்டிலேட்டர், அதற்கென்றே செய்த பிளாஸ்டிக் என்று போகவேண்டும். சிக்கல் என்னவென்றால் இவை காமாவையும் நியூட்ரானையும் ஒரே ஆர்வத்தோடு வரவேற்கும். ஒளி மினுங்கும், பல்ஸ் வரும், உயரம் ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் வாலில் இருக்கிறது. சைக்கிள் மணியும் கோயில் மணியும் ஒரே சத்தத்தில் ஆரம்பித்தாலும், எது எது என்று பின்னால் இழுபடும் ரீங்காரம் சொல்லிவிடுகிறதல்லவா, அது மாதிரி. புரோட்டான் குறுகிய பாதையில் நெருக்கமாக அயனியாக்குவதால் தாமதித்து வரும் ஒளியின் பங்கு கூடுகிறது. எலக்ட்ரானுக்கு அந்தப் பங்கு குறைவு. எஃப்.டி. புரூக்ஸ் 1959-இலேயே இதை வைத்துப் பிரிக்கும் சர்க்யூட்டை வெளியிட்டுவிட்டார். அன்றைக்கு அனலாக் பெட்டி. இன்றைக்கு டிஜிட்டைசரும் பைத்தானும்.

செய்முறை எளிது. ஒவ்வொரு பல்ஸுக்கும் மொத்தப் பரப்பைக் கணக்கிடுங்கள். வால் பகுதியின் பரப்பைத் தனியாக எடுங்கள். வாலை மொத்தத்தால் வகுத்து, அந்த விகிதத்தை ஆற்றலுக்கு எதிரே புள்ளி வையுங்கள். இரண்டு பட்டைகள் வரும்: மேலே நியூட்ரான், கீழே காமா. எவ்வளவு நன்றாகப் பிரிந்தது? அந்த விகிதத்தை ஹிஸ்டோகிராமாக வரைந்தால் வரும் இரண்டு மலைகளின் உச்சிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அவற்றின் அரை உயர அகலங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஃபிகர் ஆஃப் மெரிட் (எஃப்.ஓ.எம்.). 1.27-க்கு மேல் இருந்தால் நல்ல பிரிவு என்பது பலரும் எடுத்துக்கொள்ளும் கணக்கு.

இவ்வளவும் தெரிந்தவர்கள் பத்துப் பேர் வருவார்கள். பதினொன்றாவது ஆளாக நிற்காமல் இருக்க, இது எங்கே உடையும் என்று தெரிந்திருக்கவேண்டும்.

ஆற்றல் குறையக் குறைய இரண்டு பட்டைகளும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். 'எஃப்.ஓ.எம். 1.5' என்று மட்டும் சொன்னால் எந்த த்ரெஷோல்டில் என்று மறுகேள்வி வரும். எண்ணையும் த்ரெஷோல்டையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்த த்ரெஷோல்டு எலக்ட்ரானுக்குச் சமமான ஒளியில் சொல்லப்படுவது. 1 எம்.இ.வி. புரோட்டான் தரும் ஒளி அதே ஆற்றலுள்ள எலக்ட்ரான் தருவதில் சின்னப் பங்குதான். '100 கே.இ.வி. த்ரெஷோல்டு' என்பதை 100 கே.இ.வி. நியூட்ரான் என்று புரிந்துகொண்டு பேசினால் இன்டர்வியூ அங்கேயே முடிந்தது. பைல்-அப் இங்கேயும் உண்டு: ஒரு காமாவின் வாலில் இன்னொரு காமா ஏறினால் வால் நீண்டு நியூட்ரான் வேஷம் போடும். அப்படிப்பட்ட பல்ஸ்களைக் கண்டுபிடித்துத் தள்ளும் பத்து வரி கோட் உங்கள் லேப்டாப்பில் இருந்தால், காட்டுங்கள். பேசுவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

நம் ஊருக்கு என்றே ஒரு பாயின்ட். பழைய திரவ சிண்டிலேட்டர் சிலவற்றின் ஃப்ளாஷ் பாயின்ட் 26 டிகிரி செல்சியஸ். வடசென்னையில் வருஷத்தில் எத்தனை பகல் 26-க்குக் கீழே இருக்கிறது? ஃப்ளாஷ் பாயின்ட் 144 டிகிரி உள்ள இ.ஜே.-309 போன்ற திரவங்களை மக்கள் தேடிப் போனதற்கு இது ஒரு காரணம். வெயிலில் ஃபோட்டோமல்டிபிளையரின் கெயின் நகரும். கெயின் நகர்ந்தால் த்ரெஷோல்டு நகரும். உப்புக் காற்று கனெக்டரைத் தின்னும். 'காலையிலும் மதியமும் சீசியம் வைத்து கெயின் சரிபார்ப்பேன்' என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள். ஏ.சி. லேபில் மட்டும் வேலை பார்த்த போட்டியாளருக்கு அந்த வரி வராது.

6. மூன்று தகடு

எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல், ஒரு நியூட்ரான் கவுன்ட்டரை நம்பலாமா என்று பார்க்க ஈயம், பாலிஎத்திலீன், காட்மியம் மூன்றும் போதும். சில சென்டிமீட்டர் ஈயத்தை நடுவில் வைத்து எண்ணிக்கை சட்டென்று விழுந்தால் நீங்கள் எண்ணியது காமா. வெறும் குழாயைச் சுற்றி பாலிஎத்திலீன் வைத்து எண்ணிக்கை ஏறினால் வேக நியூட்ரான் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் காட்மியத்தைச் சுற்றி எண்ணிக்கை விழுந்தால் நீங்கள் பார்த்தது வெப்ப நியூட்ரான். காமா அந்தத் தகட்டை லேசில் மதிக்காது. காட்மியம் நியூட்ரானை விழுங்கும்போது தானே காமா உமிழும் என்பதையும் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இதெல்லாம் பயிற்சி லேபில், அனுமதி பெற்ற சோர்ஸோடு. கேட்டில் சந்தேகத்துக்குரிய கன்டெய்னரோடு விளையாட அல்ல.

7. ரிப்போர்ட் எழுதுகிறவர் ஜெயிக்கிறார்: சாட்விக் கதை

1930-இல் ஜெர்மனியில் போதேயும் பெக்கரும் பெரிலியத்தை ஆல்ஃபா துகள்களால் தாக்கியபோது, ஊடுருவும் கதிர் ஒன்று வந்தது. காமா என்று எழுதினார்கள். 1932 ஜனவரியில் பாரிஸில் ஐரீன், ஃப்ரெடெரிக் ஜோலியோ-க்யூரி தம்பதி அந்தக் கதிரைப் பாரஃபினில் விட்டார்கள். புரோட்டான்கள் பாய்ந்து வந்தன. அற்புதமான டேட்டா. அவர்களும் காமா என்றே எழுதினார்கள். அதற்கு அந்தக் காமாவின் ஆற்றல் சுமார் 50 எம்.இ.வி. இருந்தாகவேண்டும். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் அதே சோதனையைத் திரும்பச் செய்து ஒரு கேள்வியைக் கூடுதலாகப் போட்டார்: ஹைட்ரஜனோடு நிறுத்தாமல் நைட்ரஜனையும் வைத்தால்? நைட்ரஜன் உதைபட்ட வேகத்தை விளக்க வேண்டுமானால் அதே காமாவுக்கு 90 எம்.இ.வி. தேவைப்பட்டது. ஒரே கதிருக்கு இரண்டு ஆற்றலா? புரோட்டான் எடையுள்ள, மின்னூட்டமில்லாத துகள் என்று வைத்தால் இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. பிப்ரவரியிலேயே 'நேச்சர்' இதழுக்குக் குறிப்பு அனுப்பிவிட்டார். 1935-இல் இயற்பியல் நோபல் அவருக்கு.

ஜோலியோ தம்பதிக்கு அதே வருஷம் வேறு வேலைக்காக வேதியியல் நோபல் கிடைத்தது, அதனால் அவர்களுக்காகக் கண்ணீர் விடவேண்டாம். நமக்கு வேண்டியது சாட்விக் செய்த அந்த ஒரு காரியம். 'காமா' என்ற வசதியான பதிலை இன்னொரு பொருளை வைத்துச் சோதித்தார், உடைத்தார், சீக்கிரம் எழுதி அனுப்பினார். சீக்கிரம் என்ற வார்த்தையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். டேட்டா முதலில் யாரிடம் இருந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

உங்கள் ஷிஃப்ட் ரிப்போர்ட்டிலும் இதே டிசிப்ளின். 'நியூட்ரான் வந்துச்சு சார்' என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள். இப்படி எழுதுங்கள்: 'நியூட்ரான் சேனல் பின்னணியைவிட இத்தனை சிக்மா மேலே, இரண்டாவது பாஸிலும் அதே. காமா சேனல் பின்னணிக்குக் கீழே, அதனால் காமா கசிவு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சரக்கு இது. ஸ்கேனர் அப்போது இயங்கவில்லை.' நான்கு வரி. மேலதிகாரி இதை ஒரு எழுத்து மாற்றாமல் மேலே அனுப்புவார், உங்கள் பெயரும் கூடவே போகும்.

கிளியரிங் ஏஜென்ட்டின் ஆள் பக்கத்தில் வந்து, 'சார், வெஸல் கட்-ஆஃப் ஆகப்போகுது, சாதாரண உரம்தானே' என்பார். கோபப்படாதீர்கள். 'ரெண்டாவது பாஸ் முடிஞ்சதும் நானே கூப்பிட்டுச் சொல்றேன் சார்' என்று நேரத்தைச் சொல்லி, அந்த நேரத்துக்குக் கூப்பிடுங்கள். வாயால் சொன்ன கிளியரன்ஸுக்கு மதிப்பே இல்லை. நாளைக்கு அவரே 'நீங்கதானே விட்டீங்க' என்பார்.

8. சான்றிதழில் ஏமாறாதீர்கள்

கதிரியக்கத் தொழில்களுக்கு லைசென்ஸ் தருவது 1983-இல் உருவான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஏ.இ.ஆர்.பி. ஆர்.எஸ்.ஓ. எனப்படும் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி பதவியைப் பற்றி நம் பகுதியில் உலவும் பெரிய தவறான நம்பிக்கை: கோர்ஸ் முடித்தால் ஆர்.எஸ்.ஓ. ஆகிவிடலாம் என்பது. பயிற்சியில் பாஸ் ஆவது முதல் படி. நிறுவனம் உங்களை முன்மொழிந்து, இ-லோரா என்ற ஆன்லைன் தளம் வழியாக விண்ணப்பித்து, வாரியம் ஒப்புதல் தந்த பிறகுதான் நீங்கள் ஆர்.எஸ்.ஓ. ஆகவே 'கோர்ஸில் சேருங்கள், ஆர்.எஸ்.ஓ. வேலை உறுதி' என்று பணம் கேட்கிறவரிடம் இ-லோரா பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஃபேப்ரிகேஷன் யார்டு ரேடியோகிராஃபிக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபிலிம் பார்த்து வெல்டிங் குறையைச் சொல்லும் என்.டி.டி. லெவல்-2 வேறு, சோர்ஸைக் கையாளும் கதிரியக்கப் பாதுகாப்புச் சான்று வேறு. இரண்டும் இருந்தால் பேரம் பேசலாம். என்.டி.டி. துறையின் இந்திய அமைப்பான ஐ.எஸ்.என்.டி.யின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அதன் கூட்டங்களுக்குப் போய் முகத்தைக் காட்டுங்கள். வேலைக்கு ஆள் தேடுகிறவர்களும் அதே ஹாலில் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நியூட்ரான் தெரிந்தவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவுகள் உண்டு. காரைக்கால் பக்கம் காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு லாகிங்: அடர்த்திக்கு சீசியம்-137 காமா, துளைமைக்கு அமெரிசியம்-பெரிலியம் நியூட்ரான். புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் 10 எம்.வி.க்கு மேல் இயங்கும் லினாக்: எக்ஸ்-ரே மெஷினே நியூட்ரானையும் பிறப்பிக்கும், அதனால்தான் கதவுக்குள் ஈயத்தோடு போரான் கலந்த பாலிஎத்திலீனும் இருக்கிறது. கல்பாக்கத்தில் 1996-இல் இயங்க ஆரம்பித்த காமினி, யுரேனியம்-233 எரிபொருளில் ஓடும் 30 கிலோவாட் சிறு உலை. எக்ஸ்-ரேயில் தெரியாததை நியூட்ரானால் படம் பிடிக்கிறது. உலைகளுக்குள் காமா வெள்ளத்தின் நடுவே நியூட்ரானை எண்ண ஃபிஷன் சேம்பர் வைக்கிறார்கள். அணுப் பிளவின் துண்டுகள் தரும் பல்ஸ் அவ்வளவு பெரியது, காமா அதன் பக்கத்தில் தூசு.

சொந்த உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான டி.எல்.டி. பேட்ஜ் காமாவுக்கு. வேக நியூட்ரானுக்கு சி.ஆர்.-39 பிளாஸ்டிக் வைத்த தனி பேட்ஜ் உண்டு. அமெரிசியம்-பெரிலியம் பக்கம் வேலை என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். அதே அளவு ஆற்றல் உடம்பில் படிந்தாலும் நியூட்ரானுக்கு 20 மடங்கு வரை எடை போடப்படுகிறது. இந்தியாவில் தொழிலாளருக்கான வரம்பு ஐந்து வருஷத்துக்கு 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. டோஸ் ரெக்கார்டின் காப்பி உங்கள் வீட்டில் இருக்கட்டும். கம்பெனி மாறும்போது பேரம் பேச உதவும் காகிதங்களில் அதுவும் ஒன்று.

9. இன்டர்வியூவின் கடைசிக் கேள்வி

'அமெரிசியம்-பெரிலியம் சோர்ஸும் ஒரு ஸ்டில்பீன் டிடெக்டரும் தருகிறேன். எவ்வளவு நியூட்ரான் என்று எப்படிச் சொல்வாய்?' இது பொறி. அந்த சோர்ஸ் நியூட்ரானை மட்டும் தருவதில்லை. அமெரிசியத்திலிருந்து 59.5 கே.இ.வி. காமா வரும். பெரிலியம் ஆல்ஃபாவை விழுங்கி கார்பன்-12 ஆகும்போது 4.44 எம்.இ.வி. காமாவும் வரும். முதலாவதை மெல்லிய ஈயத் தகடு நிறுத்தும். இரண்டாவதோடு நீங்கள் குடித்தனம் நடத்தியாக வேண்டும். அதனால் முதலில் சீசியம், கோபால்ட் என்று நியூட்ரானே இல்லாத சோர்ஸ்களை வைத்து ஒரு ரன் எடுப்பேன் என்று சொல்லுங்கள். நியூட்ரான் பட்டைக்கு நீங்கள் போட்ட அதே எல்லைக்கோட்டுக்குள் எத்தனை காமா விழுகிறது என்று எண்ணினால், அதுதான் கசிவு.

'ஒன்றுகூட விழவில்லை என்றால்?' என்று விடாமல் கேட்பார். கசிவே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பத்து லட்சம் காமாவில் பூஜ்யம் விழுந்தால், 95 சதவீத நம்பிக்கையில் கசிவின் மேல் வரம்பு பத்து லட்சத்தில் மூன்று. இன்னும் கீழே இறக்கவேண்டும் என்றால் ரன்னை நீட்டவேண்டும். எத்தனை மணி நேரம் என்று சோர்ஸின் ஆக்டிவிட்டியைக் கேட்டு அங்கேயே பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.